பத்தாம் தேதித் தாள்

கோட்டாற்றில் மிளகாய் வற்றல் மண்டிக்கு மேல்மாடியில் செய்யது அலியின் அலுவலகம். அங்கே வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற அவரை ஊர் ‘ஆடிட்டர்’ என்று அழைத்தது. நான் ஆடிட்டர் இல்லை, வெறும் வரி ஆலோசகர் என்று பத்து வருஷம் மறுத்துப் பார்த்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று கடைசியில் விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் வந்த நாகேந்திரன் தும்மினான், கண்ணைத் துடைத்தான். துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“வீடு போயிரும் சார்,” என்றான். “அப்பாவக் கட்டிலோட தூக்கித் தெருவுல வச்சிருவாவ.”

விவகாரம் செய்யது அலிக்குப் புதிதல்ல. நாகேந்திரனின் தகப்பனார் கணபதியப்பன், அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்து ஊரில் நெல் விவசாயி. சில வருஷத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தை விற்றிருந்தார். விளைநிலத்தை வீட்டுமனை என்று எடுத்துக்கொண்டு வருமான வரி அதிகாரி போட்ட உத்தரவு, இந்த ஜனவரி இருபதாம் தேதி வீட்டுக்கு வந்தது. மேல்முறையீட்டில் ஒரு நிமிஷம் நிற்காத உத்தரவு. ஆனால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு. பிப்ரவரி பத்தொன்பதோடு அது முடிந்தது. ஜூலையில் வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டின பிறகே நாகேந்திரன் ஓடி வந்தான். செய்யது அலி ஜூலை பதினான்காம் தேதி மேல்முறையீட்டைப் போட்டார். நூற்று நாற்பத்தைந்து நாள் தாமதத்தை மன்னிக்கக் கோரிக் கூடவே ஒரு மனுவும் போட்டார்.

மனுவில் சொன்ன காரணம் நோய். பிப்ரவரி பத்தாம் தேதி கணபதியப்பனுக்கு அம்மை கண்டது. பன்னிரண்டு நாள் வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை இறங்கினதும், இருபத்திரண்டாம் தேதி காலையில் பக்கவாதம் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சில்லை, வலது கையும் காலும் இல்லை.

இதற்கு வரி அதிகாரி எழுதின ஆட்சேபணை முந்தின நாள் வந்திருந்தது. கெடு முடிந்த பிறகு வந்த பக்கவாதத்தைச் சொல்லிக் கெடுவுக்குள் செய்யாததை நியாயப்படுத்த முடியாது. அம்மைக்கோ மருத்துவச் சான்று இல்லை என்று முதலில் ஒரு குட்டு. அடுத்து வந்ததுதான் அடி. பிப்ரவரி இருபதாம் தேதி கணபதியப்பனின் நெல் வயல் ஒன்று, அவர் மகனுக்குக் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பனையாகிப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுக்காகக் கொடுத்த உயிர்வாழ் சான்றில், பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அவர் நேரில் வந்தார், நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார் என்று இரணியலில் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கெடு முடிகிற அதே நாள். அன்று அம்மையில் கிடந்தவர் எப்படி இரணியலில் டாக்டர் வீட்டு மாடிப்படி ஏறினார்? பத்து நாளில் பதில் வேண்டும்.

“அந்தச் சர்டிபிகேட்டு பொய் சார்,” என்று நாகேந்திரன் கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். “ஆளு போகாமலே வாங்குகதுதான். பத்திராபீஸ்ல எல்லாரும் செய்யுகதுதானே? அம்மை வந்தது சத்தியம். அம்மைக்கு எவன் சார் டாக்டர்ட்ட போவான்? தெருவே வந்து சாட்சி சொல்லும்.”

செய்யது அலி நம்பினார். அம்மை வந்தால் இந்தப் பக்கத்தில் வேப்பிலைதான் சான்றிதழ் என்பது அவருக்கும் தெரியும். ஒரு சர்க்கார் ஆபீசில் பொய்ச் சான்று கொடுத்தவன், இன்னொரு சர்க்கார் ஆபீசில் ‘இது மட்டும் நிஜம்’ என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை. இப்படிக் கவலை வந்தால் அவர் போகிற இடம் ஒன்று உண்டு. அங்கே போகிறதென்றால் அவருக்கு உள்ளூர ஒரு குதூகலமும் உண்டு. அதை அவர் மனைவி ஃபாஸிலாவிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஞானபாய் இருபத்தாறு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். அதில் பாதி அஞ்சுகிராமம் பக்கம். வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு இரணியல் ரயில் நிலையத்துக்கு அருகே வீடு கட்டிக்கொண்டார். யார் வீட்டில் எது காணாமல் போனாலும், யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும், அவர் குரலை உயர்த்தாமல் நாலு கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். செய்யது அலி அவருக்குத் தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது.

அவர் போனபோது ஞானபாய் புறவாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

“கையெல்லாம் மீனு. நீங்களே ஒவ்வொரு தாளா காட்டுங்க ஆடிட்டரே,” என்றார்.

செய்யது அலி பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஒவ்வொரு தாளாகப் பிடித்துக் காட்டினார். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் ஞானபாயின் கண் அதிக நேரம் நின்றது.

“இத முழுசும் வாசிச்சியளா?”

“தேதி பாத்தேன் சிஸ்டர். பிப்ரவரி இருவத்திரண்டு. மூணு நாளு முந்தி விழுந்திருந்தா கெடுவுக்குள்ள வந்திருக்கும். அந்த மனுஷனுக்கு நேரமும் வாய்க்கல்ல.”

“அஞ்சுகிராமத்துல நல்ல டாக்டர்மாரு நாலு பேரு உண்டு. சர்டிபிகேட்டு வாங்க எதுக்கு இவ்வளவு தூரம், இரணியலுக்கு வரணும்?”

“அது பொய்ச் சர்டிபிகேட்டுன்னு அவனே சொல்லியாச்சே!”

“கேக்காமலே ஒரு பொய்ய ஒத்துக்கிடுகவன, எனக்கு ரொம்பப் புடிக்காது,” என்றார் ஞானபாய். மீன் தலையைப் பூனைக்கு எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். “அந்தப் பிள்ளைக்கு ஒரு தங்கச்சி உண்டுல்லா? போன் நம்பர் வாங்கித் தாங்க. நாளைக்கு அவிய வீட்டுக்குப் போவோம், அவளும் அங்க வரட்டும்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு செய்யது அலியின் பழைய காரில் போய் இறங்கினார்கள். நாகேந்திரன் வாசலில் காத்திருந்தான். செய்யது அலி தெருவில் வீடு வீடாகப் போய், ‘வேப்பிலை பார்த்தீர்களா’ என்று கேட்டுக் கேட்டு ஐந்து பேர் பெயரை எழுதிக்கொண்டார். பால்காரர் பார்த்திருந்தார். தபால்காரர் பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியே நின்றே குரல் கொடுத்திருந்தார். ஐந்து சாட்சிகளும் கல்லுமாதிரி சாட்சிகள். செய்யது அலிக்கு வெற்றிக் களிப்பு.

ஞானபாய் எதிர் வீட்டு அம்மாளிடம் மட்டும் பேசினார். அவரிடமும் வேப்பிலையைப் பற்றிக் கேட்கவில்லை.

“அம்மை இறங்க எத்தன தண்ணி ஊத்தினாவ?” என்று கேட்டார்.

அந்த அம்மாளுக்கு ஆறு மாத ஆதங்கம் பொங்கிவிட்டது. “அத ஏன் கேக்கிய! எங்க பயலுக்கு அம்மை கண்டப்பம் மூணு தண்ணி ஊத்தி, முத்தாரம்மனுக்கு மஞ்சப்பால் கொண்டுபோயி, தெரு முழுக்கப் பானகம் குடுத்தோம். இவிய வீட்டுலருந்து ஒரு சொட்டு வரல்ல. பன்னெண்டாம் நாளு பையன் வேப்பிலையப் பிச்சு எறிஞ்சான். மறுநா காரு வந்து ஆளத் தூக்கிட்டுப் போச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதுவும் போட்டும். அம்மை வீட்டுல தாளிக்கவே பிடாது. இங்க என்னன்னா நித்தமும் தைலம் காய்ச்சுக மணம். எங்க மாமனாருக்கு வாதத்துக்குக் காய்ச்சுவோம், அதே மணம். அம்மன் பொறுப்பாளா? அதான் கைய கால இழுத்துட்டா.”

“அப்படியும் இருக்கும்,” என்றார் ஞானபாய்.

செய்யது அலி அவசரமாகக் குறித்துக்கொண்டார்: ‘அம்மை வீட்டில் எண்ணெய். தெய்வக் குற்றம்.’ பிறகு, வரி ஆணையர் தெய்வக் குற்றத்தை ஏற்பாரா என்ற சந்தேகத்தில் அடித்துவிட்டார்.

வீட்டுக்குள் கணபதியப்பனின் மனைவி உலகம்மை எதிர்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். வாங்க என்று வாய் சொன்னது. கண் மகன் முகத்தைப் பார்த்தது. மகள் ஹரிதா, மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

கணபதியப்பனின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். கட்டிலை ஒட்டின சுவரில், சாய்த்து உட்காரவைத்தால் தோள் படுகிற உயரத்துக்கு எண்ணெய்க் கறை அகலமாகப் படிந்திருந்தது. படுத்திருந்தவரின் முகம் வழவழவென்று இருந்தது. கண் மட்டும் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“புத்தியும் போயிட்டு, ஒண்ணும் மனசிலாகாது,” என்றான் நாகேந்திரன்.

ஞானபாய் அவரைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து முதுகைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். வலது பின்னிடுப்பில் ஆறிப்போன புண்ணின் தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

சும்மா நிற்கத் தெரியாத செய்யது அலி காலண்டரைப் பார்த்தார். பிப்ரவரி பத்து. அந்தத் தாள் மேலே வலது மூலையிலிருந்து பாதி வரை கிழிந்து, கிழிந்த பாதி முன்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆவணி வந்தாச்சு, இங்க இன்னும் தை மாசமா?” என்று சொல்லிக் கிழிக்கக் கை நீட்டினார்.

“தொடாதீங்க!”

கத்தினது உலகம்மை. அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. செய்யது அலி சூடு பட்டவராகக் கையை இழுத்துக்கொண்டார். ஞானபாய் காலண்டரையும் உலகம்மையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாரும் இரிங்க. ஆடிட்டரே, அந்தக் காலண்டர மொதல்ல படம் எடுத்து வைங்க. பொறவு ஆஸ்பத்திரிக் காகிதத்தில சேக்கும்போது டாக்டர் எழுதினத வாசிங்க.”

செய்யது அலி படம் எடுத்தார். காகிதத்தை விரித்துத் தமிழில் சொன்னார்: “‘வலது பக்கம் செயலிழப்பு. இன்று காலை ஏற்பட்டதாக மகன் சொன்னார். வலது பின்னிடுப்பில் படுக்கைப் புண். தோலில் வேறு குறை ஏதுமில்லை.’”

“காலையில வாதம், மத்தியானம் ஆஸ்பத்திரி. அதுக்குள்ள படுக்கைப் புண்ணு வருமா?”

“அம்மையில பன்னெண்டு நாளு படுத்துல்லா கிடந்தாவ,” என்றான் நாகேந்திரன்.

“அம்மை கண்டவன் அரிப்பு தாங்காம ராத்திரி பூரா புரளுவான் மக்கா. புரள முடியாதவனுக்குத்தான் படுக்கைப் புண்ணு வரும். நான் எத்தன பேருக்கு மருந்து வச்சுக் கட்டியிருக்கேன்! அதுவும் வாதம் அடிச்ச பக்கத்திலேயே புண்ணு. இன்னொண்ணு. பன்னெண்டாம் நாளு உடம்பெல்லாம் பொருக்கு நிக்கும். டாக்டர் என்ன எழுதியிருக்காரு? தோலில் வேறு குறை ஏதுமில்லை. இப்பம் நானும் பாத்துட்டேன். இந்த வயசில கண்ட அம்மை ஒரு வடுவாவது வைக்காமப் போகாது.”

ஹரிதா குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

“தெருவில எல்லாரும் வேப்பிலையப் பாத்தாவ,” என்று ஞானபாய் தொடர்ந்தார். “தண்ணி ஊத்தினத ஒருத்தரும் பாக்கல்ல. கோவிலுக்குப் போனதையும் பாக்கல்ல. அம்மை வந்த வீட்டுல வேப்பிலை கட்ட மறந்தாலும் மறப்பாவ, அம்மன இறக்கி அனுப்ப மறக்க மாட்டாவ. அதுக்குப் பயப்படாத ஆளு இந்த ஊர்ல இல்ல. பின்ன இங்க ஏன் ஊத்தல்ல? இறக்கி அனுப்ப அம்மன் இங்க வரவே இல்ல.”

“அப்பம் தைலம்...?” என்று செய்யது அலி வாயைப் பிளந்தார். எதிர் வீட்டு அம்மாள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, வரிசையை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தாள். எண்ணெய் காய்ச்சினதால் வாதம் வரவில்லை. வாதம் வந்ததால் எண்ணெய் காய்ச்சினார்கள்.

“ஆமா. சுவத்தப் பாருங்க. தோளுல தேச்ச எண்ணெய் பன்னெண்டு நாளு ஊறின கறை. சர்டிபிகேட்டும் பொய், அம்மையும் பொய். நோயி மட்டும் நெசம். அந்த நோயி எந்த நாளு வந்துதுன்னு இந்தக் காலண்டர் சொல்லுது. நித்தமும் தாள் கிழிக்கது யாரு, எப்பம்?”

“அப்பாதான், ராத்திரி படுக்கப் போகும்போது,” என்றாள் ஹரிதா. “வேற யாரும் தொடப்பிடாது. தொட்டா ஏசுவாவ.”

“அம்மை கண்டவன் தாள முழுசா கிழிப்பான், இல்லேன்னா கிழிக்காம விடுவான். பாதியில விட மாட்டான். வலது கை பாதியில நின்னுபோச்சு. பிப்ரவரி பத்தாம் தேதி ராத்திரி, இந்த இடத்தில நின்னுதான் அவரு விழுந்தாரு.”

நாகேந்திரன் எழுந்தான். “சும்மா வாய்க்கு வந்தத...”

“இரி மக்கா. இன்னும் முடியல்ல.” ஞானபாய் குரல் மாறவில்லை. “வாதம்னு சொன்னா ஊரே திரண்டு வரும். மொத ஆளா தங்கச்சி வருவா. அம்மைன்னு சொன்னா? ஹரிதா, பிப்ரவரியில நீ எத்தன மாசம்?”

“ஆறு மாசம்.” ஹரிதாவின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. “கேட்டுக்கு வெளியே நின்னு அழுதுட்டுப் போனேன். வயித்துப்பிள்ளக்காரி உள்ள வரப்பிடாதுன்னு அண்ணன்தான்...”

“அப்பா கடைசியா உன்ட்ட என்ன பேசினாரு?”

“வயல எனக்கு எழுதப் போறதா சொன்னாவ. அண்ணனுக்குக் குடுத்த அதிகாரத்த, தைப்பூசம் கழிஞ்சதும் ரத்து பண்ணணும்னு சொன்னாவ.”

“அந்த வயலு பிப்ரவரி இருவதாம் தேதி வித்தாச்சு, மக்களே. அதிகாரிக்க காகிதத்தில இருக்கு.”

ஹரிதா அண்ணனைப் பார்த்தாள். திட்டவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இந்தப் புளுகு ஆறு மாதம் ஓடிவிட்டது. தகப்பன் விழுந்தது வெளியே தெரிந்தால் வயல் விற்பனை நின்றுபோகும். பன்னிரண்டு நாளைக்கு யாரையும் உள்ளே விடாமல் வைக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் போலீஸ் காவலைவிட உறுதியான காவல் ஒரு கொத்து வேப்பிலை என்பது நாகேந்திரனுக்குத் தெரிந்திருந்தது. தகப்பனை அறிந்த டாக்டர்கள் கேள்வி கேட்பார்கள் என்று இரணியலுக்குப் போனான். பத்திரம் முடிந்தது, வேப்பிலை இறங்கியது, வாதம் ‘வந்தது’. வரி உத்தரவின் கெடு நடுவில் செத்துப்போனது மட்டும் அவன் கணக்கில் வரவில்லை. மனு எழுதும்போது அதே அம்மையைத் திரும்பவும் எடுத்து நீட்டினான். அதைச் சட்டத் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்த புண்ணியம் தன்னுடையது என்று நினைத்தபோது செய்யது அலிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

“சாட்சி எங்க?” என்றான் நாகேந்திரன். “பேச முடியாத ஆளு இருக்காவ, புத்தி இல்லாத ஆளு.”

ஞானபாய் கட்டில் ஓரமாகக் குனிந்து கணபதியப்பனின் இடது கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நான் ஞானபாய். பண்டு உங்க பிள்ளையளுக்கு ஊசி போட வந்தவ. ஆமான்னா ஒரு தட்டு. இல்லேன்னா ரெண்டு தட்டு. உங்களுக்கு அம்மை வந்துதா?”

ஆறு மாதமாக அந்த வீட்டில் அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இடது கை விரல் ஒன்று எழுந்தது. ஒரு தட்டு. நாகேந்திரன் நிமிர்ந்தான். இன்னொரு தட்டு.

“காலண்டர் கிழிக்கும்போதா விழுந்தீங்க?”

ஒரு தட்டு. அவ்வளவுதான். அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

ஹரிதா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, நீயுமா?” என்றாள்.

உலகம்மை சுவரோடு ஒட்டி நின்றாள். “எண்ணெய் தேச்சா எழும்பிருவாவன்னு சொன்னான். ஒம்பது நாளுல கை வரும்னு சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போவோம்டான்னு காலப் புடிச்சேன். பத்திரம் முடியட்டும், வாயத் தொறந்தா நான் தூக்குல தொங்கிருவேன்னு சொன்னான். இவிய கிடக்காவ, பிள்ளையும் போயிருவானோன்னு பயந்துட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல்ல.” காலண்டரைக் காட்டினாள். “இத மட்டும் கிழிக்க விடல்ல. அவன் ரெண்டு மட்டம் வந்தான். விடல்ல.”

“பத்திரம் முடிஞ்ச உடனே கொண்டுபோனேன்லா!” என்றான் நாகேந்திரன். அதைத் தனக்குச் சாதகமான பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னான். சொன்ன பிறகு அறையில் இருந்த முகங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

“முதல் நாளே, விழுந்த நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோயிருந்தா, கை வந்திருக்குமோ என்னவோ, பேச்சாவது வந்திருக்கும்,” என்றார் ஞானபாய். அன்று அவர் சொன்னதில் கோபம் தெரிந்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

செய்யது அலி பழைய மனுவைக் கையில் எடுத்தார். இனி அவர் வேலை.

“அம்மா, சட்டப்படி இது நல்ல காரணம். இதவிட நல்ல காரணம் நான் பாத்தது இல்ல. கெடு முடிய ஒம்பது நாளு இருக்கும்போதே வாதம், பேச்சில்ல, கையெழுத்துப் போட கை இல்ல. எந்த ஆணையரும் தட்ட முடியாது. வீடு நிக்கும். ஆனா பழைய மனுவ வாபஸ் வாங்கி, பத்தாம் தேதி நடந்தத நடந்தபடி பிரமாணப் பத்திரத்தில எழுதணும். எழுதினா அது வரி ஆபீசோட நிக்காது. பத்திராபீசுக்குப் போகும், போலீசுக்குப் போகும். அதில சம்சாரம்னு கையெழுத்துப் போட வேண்டியது நீங்க.”

“அம்மா,” என்றான் நாகேந்திரன். ஆகஸ்ட் வரைக்கும் வேலை செய்த அந்தக் குரல் ஒரு தடவை இன்னும் முயன்று பார்த்தது. “அம்மா, நான் உனக்க பிள்ளதானே.”

உலகம்மை அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் என்ன ஓடும் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு அவள் காலண்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

“படம் எடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“எடுத்தாச்சு.”

“அன்னைக்கு அவிய பாதி கிழிச்சாவ. மிச்சத்த நான் கிழிக்கேன். உங்க காகிதத்தோட வச்சிருங்க.”

கிழித்தாள். தாளைச் செய்யது அலியின் கையில் கொடுத்தாள். சுவரில் பிப்ரவரி பதினொன்று, தூசு படாமல் புதிதாக இருந்தது.

உத்தரவு நவம்பரில் வந்தது. மேல்முறையீட்டாளர் கெடு நாளன்று பேச்சும் கையும் இழந்து கிடந்தார் என்பது நிரூபணமாகியிருக்கிறது. போதுமான காரணம் உண்டு. நூற்று நாற்பத்தைந்து நாள் தாமதம் மன்னிக்கப்படுகிறது. மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது. அதுவரை ஜப்தி இல்லை. நாகேந்திரன் அப்போது ஜாமீனில் வெளியே வந்து வேறு எங்கோ இருந்தான். வயல் விவகாரம் கோர்ட்டில் கிடந்தது.

செய்யது அலியும் ஞானபாயும் நேரில் போய்ச் சொன்னார்கள். செய்யது அலி கட்டிலருகே நின்று உத்தரவைத் தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உலகம்மை கணவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பம், மன்னிச்சாச்சா?”

“மன்னிச்சாச்சும்மா. எல்லா நாளையும்.”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கணபதியப்பனின் இடது கையை எடுத்து, ஞானபாய் அன்று செய்ததைப் போலத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“நூத்தி நாப்பத்தஞ்சு நாளையும் அவிய மன்னிச்சிட்டாவளாம்,” என்றாள். “எனக்க பன்னெண்டு நாள நீங்க மன்னிச்சியளா?”

கணபதியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி புரிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கஞ்சி ஆறி மேலே ஆடை படிந்தது. செய்யது அலி பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உலகம்மை கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

அந்தக் கை ஒரு தடவையும் தட்டவில்லை, இரண்டு தடவையும் தட்டவில்லை.